காதுக்குள்ள ஒரு கோர்ட்டு

ஏலே, ஏட்டி, ரெண்டு பேரும் செத்த வாயை மூடுங்க. லீவுக்கு வந்த நாள்லருந்து பாக்கேன், இந்த வீட்டுக்குள்ள ஒரு கொலைக் கேசு நடந்துக்கிட்டே இருக்கு. கொலை நடந்தது அமெரிக்காவுல, பால்டிமோர் ஊர்ப் பக்கம். நடந்தப்ப நீங்க ரெண்டு பேரும் பொறக்கவே இல்லை. ஆனா 'அவன் செஞ்சிருக்கவே மாட்டான்'னு நீ அடிச்சுச் சொல்லுத. 'அவன்தான் செஞ்சான், அந்தப் பாட்காஸ்டு ஒரு பக்கமாச் சாஞ்சு பேசுது'ன்னு இவன் குதிக்கான். கேட்டா ரெண்டு பேருமே நடுநிலையாம். அதுல மட்டும் ஒத்துமை. சந்தோசம்.

நடுவுல நான் எதுக்குப் பேசுதேன்னு கேக்காதீங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது. பாட்காஸ்டு கேட்டுப் பழக்கமில்லை. கோர்ட்டுப் படி ஏறினது வரப்புத் தகராறுக்கு வாய்தா வாங்கத்தான். தீர்ப்புச் சொல்ல இந்தக் காலத்துல இதுக்கு மேல என்ன தகுதி வேணும்?

நான் வெளங்கிக்கிட்டதைச் சொல்லுதேன், தப்பா இருந்தா திருத்துங்க. 1999 ஜனவரி 13. ஹே மின் லீ, கொரியாவுல இருந்து வந்த குடும்பத்துப் புள்ள, 18 வயசு. வுட்லான் உயர்நிலைப் பள்ளியில கடைசி வருசம். பள்ளிக்கூடம் விட்டதும் சொந்தக்காரச் சின்னப் புள்ளை ஒண்ணை அழைச்சுட்டு வரப் போகணும். போய்ச் சேரலை. பிப்ரவரி 9-ஆம் தேதி லீகின் பார்க்குக் காட்டுக்குள்ள உடம்பு கெடைச்சுது. கழுத்தை நெரிச்சிருக்கு. அவகூட முன்ன பழகிப் பிரிஞ்ச அத்னான் சையதைப் பிடிச்சாங்க. 17 வயசு, பாகிஸ்தான் பூர்வீகம். 'பொதைக்க நான் ஒத்தாசை பண்ணேன்'னு அவனுக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் சாட்சி சொன்னான். அந்தச் சாட்சியும் செல்போன் கோபுரக் கணக்கும்தான் கேசுக்கு ரெண்டு தூணு. 2000 பிப்ரவரியில ஜூரி 'குற்றவாளி'ன்னுட்டு. ஆயுள் தண்டனை, அதுக்கு மேல 30 வருசம்.

பெறவு 2014 அக்டோபர்ல சாரா கோனிக்னு ஒரு பத்திரிகைக்காரம்மா 'சீரியல்'னு ஒரு பாட்காஸ்டு தொடங்குதாங்க. வாரம் ஒண்ணா 12 பகுதி, டிசம்பர்ல முடியுது. ஒலகமே காதுல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சுதாம். பீபடி விருது வேற கெடைச்சுது, பாட்காஸ்டுக்குன்னு கெடைச்ச மொத பீபடி. சரிதானா? தலையாட்டுதீங்க. அப்ப எனக்குக் கேசு தெரிஞ்சு போச்சு.

ஆனா எனக்குத் தெரிஞ்சது ஒரு கேசு இல்லை, ரெண்டு கேசு. பேத்தி சொன்ன கேசுல, 'அந்த நேரத்துல அவனை நூலகத்துல பாத்தேன்'னு கடுதாசி எழுதின புள்ளையை அவனோட வக்கீலம்மா கண்டுக்கவே இல்லை. சாட்சி சொன்னவன் ஆளுக்கு ஒரு கதை, நாளுக்கு ஒரு கதை சொல்லியிருக்கான். ஜெயில்லருந்து போன்ல பேசுத பையன் அம்புட்டுப் பதவிசாப் பேசுதான். பேரன் சொன்ன கேசுல, அதே சாட்சிக்காரன்தான் அந்தப் புள்ளையோட காரு எங்க நிக்குன்னு போலீசைக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சான். செய்யாதவனுக்கு அது எப்படித் தெரியும்? அத்னானோட செல்போனு அன்னைக்கு ராத்திரி அந்தக் காட்டுப் பக்கத்துக் கோபுரத்துல பதிஞ்சிருக்கு. அந்த நாளு பூரா என்ன செஞ்சன்னு கேட்டா, 'ஞாபகமில்லை'ங்கான்.

ரெண்டும் அதே 12 பகுதியில இருந்து எடுத்தது. ரெண்டு பேரும் ஒரு பொய் சொல்லலை. எதை மொதல்ல சொன்னீங்க, எதை 'ஆமா, அதுவும் உண்டு'ன்னு வாய்க்குள்ள முணுமுணுத்துட்டுத் தாண்டினீங்க, அம்புட்டுதான் வித்தியாசம். சாய்க்கணும்னா பொய் சொல்ல வேண்டியதே இல்லை தாயி. வரிசையை மாத்தினாப் போதும். அந்த அமெரிக்கா அம்மா சாஞ்சாங்களா இல்லையான்னு கிழிச்சுப் பாக்கீங்களே, எனக்கு நீங்க ரெண்டு பேரும்தான் பாட்காஸ்டு. உங்க ரெண்டு பேர்ல எவருக்கு நான் பீபடி கொடுக்க?

சரி, வயசான காலத்துல இனாமாக் கொடுக்க எங்கிட்ட இருக்கது புத்திமதிதான். நல்ல கொலைக்கதை ரசிகராக என்ன செய்யணும்னு சொல்லுதேன், குறிச்சுக்கோங்க.

மொதல்ல, கதையைக் கொண்டாந்தது யாருன்னு மறந்தும் கேக்கப்புடாது. கேட்டா ருசி போயிரும். அந்தம்மா தானா போய் பால்டிமோர் கோர்ட்டு அறையில பழைய கட்டைப் பிரிக்கலை. ராபியா சௌத்ரின்னு ஒரு வக்கீலம்மா, அத்னான் குடும்பத்துக்கு வேண்டியவங்க, அவங்கதான் தேடி வந்து 'இந்தப் பையன் நிரபராதி, பாருங்க'ன்னு சொன்னது. அதை அந்தம்மா மறைக்கலை, மொதப் பகுதியிலயே சொல்லிட்டாங்க. குத்தமும் இல்லை, எந்தக் கதைக்கும் ஒரு வாசல் உண்டு. ஆனா எந்த வாசல் வழியா உள்ள போனமோ அந்த வீட்டுக் காப்பியைத்தான் மொதல்ல குடிப்போம். செத்த புள்ளையோட வீட்டுல இருந்து ஒரு ஆளு தேடி வந்திருந்தா? அதே தாளு, அதே சாட்சி, அதே அம்மா. கதை மட்டும் வேற எடத்துல இருந்து தொடங்கியிருக்கும்.

ரெண்டாவது, ஆளைப் பாத்த ஒடனே முடிவு கட்டிரணும். இதைக் கேட்டப்ப நான் சிரிச்ச சிரிப்புல உங்க ஆச்சி அடுக்களையில இருந்து ஓடியாந்துட்டா. அத்னானுக்குப் பால் மாட்டோட கண்ணு மாதிரி பெரிய கண்ணுன்னு அந்தம்மா சொல்லுதாங்களாமே. இப்படிக் கண்ணு உள்ளவன் கழுத்தை நெரிப்பானான்னு மனசு கேக்கு, இது முட்டாத்தனமான கேள்வின்னு எனக்கே தெரியும்னும் சொல்லிட்டாங்களாம். நேர்மையான மனுசி, அதை நான் மெச்சுதேன். ஆனா முட்டாத்தனம்னு சொன்னது ஒரு தடவை, அந்தக் கண்ணு உம் மனசுல தங்கினது 12 வாரம்.

ஏட்டி, மாட்டுச் சந்தையில கண்ணைப் பாத்து வெலை பேசினவனை நான் பாத்ததில்லை. பல்லைப் பிடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான், மடியைத் தொட்டுப் பாப்பான், நாலு எட்டு நடக்க விட்டுப் பாப்பான். சாந்தமான கண்ணு உள்ள பசு கறக்கப் போனா ஒதைக்கும். மொறைச்சுக்கிட்டே இருக்கது நின்னு பால் கொடுக்கும். ஏலே, நீ என்னத்துக்குச் சிரிக்க? 'அம்புட்டு நல்லாப் பேசுதான், அதனாலதான் எனக்குச் சந்தேகமே'ன்னு நேத்து சொன்னது யாரு? அதுவும் கண்ணைப் பாத்து வெலை பேசுததுதான். நீ கொஞ்சம் கொறைச்சுக் கேட்ட, அம்புட்டுதான்.

இதுல அமெரிக்காக்காரனை மட்டும் கேலி பண்ண எனக்கு வாய் வரலை. 1944-ல மெட்ராசுல லட்சுமிகாந்தன் கொலை. ஊர்ப்பட்ட பெரிய மனுசங்களைப் பத்தி 'இந்துநேசன்'ல கண்டதையும் எழுதிக்கிட்டிருந்தவரு. அந்தக் கேசுல தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் உள்ள தள்ளி 1945-ல ஆயுள் தண்டனை கொடுத்துட்டாங்க. அப்ப எங்கய்யா வயசுக்காரங்க பேசினது என்ன தெரியுமா? 'அந்தக் குரலு கொலை செய்யுமாவே?' சாட்சி என்ன, தாளு என்னன்னு ஒருத்தரும் கேக்கலை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947-ல ரெண்டு பேரும் விடுதலை ஆனாங்க. ரசிகரு சொன்னது பலிச்சுது. ஆனா பாகவதர் விடுதலையானது பாட்டுக்காக இல்லை. கேசு நிக்கலை, அதுக்காக. ரசிகருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கொலையைப் பாட்டாக் கட்டி விக்கதுல நாம யாருக்கும் இளைச்சவங்களும் இல்லை. சந்தை நாள்ல டேப்பை அடிச்சுக்கிட்டுக் கொலைச்சிந்து பாடி, ரெண்டு தாளுப் புத்தகம் விப்பாங்க. கேசு கோர்ட்டுக்குப் போகும் முன்னயே பாட்டு சந்தைக்கு வந்துரும். கொன்னவன் யாருன்னு மொத அடியிலயே தெரிஞ்சுரும், அஞ்சாவது அடியில பொம்பளைங்க மூக்கைச் சிந்துவாங்க. நானும் நின்னு கேட்டிருக்கேன், காசு கொடுத்து வாங்கியிருக்கேன். அதுல ஒரு நல்ல காரியம், பாடினவன் 'நான் நடுநிலை'ன்னு சொல்லி விக்கலை.

மூணாவது புத்திமதி, மைக்குல வராதவங்களை எண்ணப்புடாது. அத்னான் எத்தனை தடவை பேசுதான்? பகுதிக்குப் பகுதி ஜெயில் போன்லருந்து கொரல் வருது. கோனிக்கம்மா விடாமப் பேசுதாங்க. சாட்சி சொன்னவனைப் போய்ப் பாத்தாங்க, ஆனா அவன் ஒலிப்பதிவுக்குச் சம்மதிக்கலை. கேசை நடத்தின அரசு வக்கீலும் அப்ப வாய் தெறக்கலை. செத்த புள்ளையோட வீட்டாளுக பேசலை. ஒருத்தன் மணிக்கணக்காப் பேசுதான், மத்தவங்க 'அவங்க இப்படிச் சொன்னதா'ன்னு ஒரு வரியில வாராங்க. அந்தம்மா தராசைச் சரியாத்தான் பிடிச்சாங்கன்னே வச்சுக்கோ. ஒரு தட்டுல ஆளே ஏறி உக்காந்திருக்கான், இன்னொரு தட்டுல சீட்டு எழுதி வச்சிருக்கு. அது எப்படிச் சமமா நிக்கும்?

ஏட்டி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காம பதில் சொல்லு. 12 பகுதி கேட்ட. அத்னான் பள்ளிவாசல்ல என்ன செஞ்சான், எந்தக் கடை வாசல்ல போன் இருந்துச்சு, எல்லாம் ஒனக்கு மனப்பாடம். ஹே மின் லீக்குப் பிடிச்ச வெளையாட்டு என்ன?

என்ன, மோட்டுவளையைப் பாக்க? லக்ரோசும் ஹாக்கியும் ஆடுவா. பையங்களோட மல்யுத்த அணிக்கு மேலாளரா இருந்தா. கண்ணாடிக் கடையில வேலை பாத்தா. டைரி எழுதுவா. இதெல்லாம் அந்தப் பாட்காஸ்டை ஒட்டிக் கெடைச்ச சேதிதான். நீதான் சொன்ன, எனக்கு ஞாபகம் இருக்கு, ஒனக்கு இல்லை. கதையில அவ செத்ததுதான் அவளுக்கு வேலை. செத்து முடிச்சதும் கதை அவளை விட்டுட்டுக் கெளம்பிட்டு.

அவ தம்பி யங் லீ, 2022 செப்டம்பர் 19-ல கோர்ட்டுல பேசினான். தீர்ப்பை ரத்து பண்ணப் போறோம்னு அவனுக்கு வெள்ளிக்கிழமை சொல்லுதாங்க, விசாரணை திங்கக்கிழமை. அவன் இருக்கது கலிபோர்னியாவுல, நாட்டோட அந்தக் கடைசியில. ஜூம்லதான் வர முடிஞ்சுது. எனக்கு இது பாட்காஸ்டு இல்லை, நெச வாழ்க்கைன்னு சொன்னான். அன்னைக்கு அத்னான் வெளிய வந்தான், ஊரே கைதட்டுச்சு. கைதட்டினவங்க கெட்டவங்க இல்லை. ஆனா அவங்க தொடர்கதையோட கடைசிப் பகுதிக்குத் தட்டுதாங்க. அந்தப் பையனுக்குத் தொடரும் இல்லை, கடைசிப் பகுதியும் இல்லை.

ஏலே, நீ நெஞ்சை நிமித்தாத. 'தாத்தா நம்ம கட்சி'ன்னு நெனைச்சிட்டியா? ஒனக்கும் இருக்கு. பாட்காஸ்டு சாயுதுன்னியே, கோர்ட்டு நேரா நின்னுதாக்கும்? ஜாமீன் கேட்டப்ப அரசு வக்கீலம்மா ஒருத்தர் என்ன சொன்னாங்க? பாகிஸ்தான்காரங்க காதலியைக் கொன்னுட்டுச் சொந்த நாட்டுக்கு ஓடுதது வழக்கம்னு. அந்தப் பையன் பொறந்து வளந்ததே அமெரிக்காவுல. பெறவு அது தப்புன்னு நீதிபதிக்கு எழுதி வருத்தம் தெரிவிச்சாங்க, ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதானே. செல்போன் கணக்கும் அப்படித்தான். கம்பெனி அனுப்பின ஃபேக்சோட மொத தாள்லயே எழுதியிருந்துச்சு, வந்த அழைப்பை வச்சுப் போனு எங்க இருந்துதுன்னு நம்பிச் சொல்ல முடியாதுன்னு. காட்டுப் பக்கத்துக் கோபுரத்துல பதிஞ்சது வந்த அழைப்புதான். கோர்ட்டுல அந்தத் தாளைக் காமிச்சு ஒரு கேள்வி கேக்க அவன் வக்கீலுக்குத் தோணலை. அதைத் தோண்டி எடுத்தது 2015-ல ராபியா சௌத்ரியும் வேற ரெண்டு வக்கீலும் நடத்தின 'அன்டிஸ்க்ளோஸ்டு'ங்கிற இன்னொரு பாட்காஸ்டு. அப்பட்டமா ஒரு கட்சிக்காரங்க. ஆனா அவங்க எடுத்த தாளு நெசத் தாளு. 2016-ல நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவு போட்டதே அந்தத் தாளை வச்சுத்தான். ஆளு சாஞ்சிருக்கான்னு தாளைத் தூரப் போடப்புடாது.

இப்ப கோர்ட்டுக நடந்த அழகைப் பாருங்க. 2016-ல தீர்ப்பு ரத்து. 2018-ல மேல் கோர்ட்டும் 'மறுவிசாரணை வேணும்'னு சொல்லுது, ஆனா காரணம் வேற. 2019-ல மேரிலாண்டு மாநிலத்தோட உச்சத்துல இருக்க கோர்ட்டு 'பழைய தண்டனை சரி'ங்குது, 4 பேரு இப்படி, 3 பேரு அப்படி. 2022-ல அரசு வக்கீலே 'ரத்து பண்ணுங்க'ங்காங்க, ரத்து ஆகுது, அக்டோபர்ல கேசையே வாபஸ் வாங்குதாங்க. 2023-ல தம்பிக்காரனுக்கு முறையாச் சேதி சொல்லலைன்னு தண்டனை திரும்ப உசிரு பெறுது, 2 பேரு இப்படி, ஒருத்தர் அப்படி. 2024 ஆகஸ்டுல மறுபடி உச்ச கோர்ட்டு, மறுபடி 4-க்கு 3. அதுக்குள்ள வந்திருந்த புது அரசு வக்கீல் 2025-ல, 2022-ல கொடுத்த மனுவுலயே தப்பும் தவறும் இருக்குன்னு திரும்ப வாங்கிட்டார். சின்ன வயசுல தண்டனை வாங்கினவங்களுக்குன்னு உள்ள சட்டப்படி, இருந்த காலமே போதும்னு மார்ச்சுல நீதிபதி சொல்லிட்டாங்க. இன்னைக்கு நெலவரம், ஆளு வெளிய இருக்கான், குற்றவாளிங்கிற தீர்ப்பும் இருக்கு. நான் செய்யலைன்னு அவன் இன்னமும் சொல்லுதான்.

மொத்தக் கட்டையும் படிச்ச நீதிபதிமாரே 4-க்கு 3-னு பிரியுதாங்க. நீ பஸ்சுல சன்னலோர சீட்டுல ஒரு காதுல கேட்டுட்டு நூத்துக்கு நூறு தீர்ப்பு எழுதுத. அந்தம்மாகூடக் கடைசிப் பகுதியில என்ன சொன்னாங்க? ஜூரியா உக்காந்தா விடுதலைன்னுதான் சொல்லணும், ஆனா மனுசியா எனக்குச் சந்தேகம் போகலைன்னு. அம்புட்டு நாளு உழைச்சவங்க சந்தேகத்தை மடியில கட்டிக்கிட்டு எந்திரிச்சாங்க. நீங்க மூணாவது பகுதியிலயே அதை எறக்கி வச்சிட்டுக் கை கழுவிட்டீங்க.

இதுக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சதும் உண்டு. ஆஸ்திரேலியாவுல 'த டீச்சர்ஸ் பெட்'. சிட்னியில லினெட் டாசன், ரெண்டு பொம்பளைப் புள்ளைக்குத் தாய், 1982 ஜனவரியில காணாமப் போறா. புருசன் கிறிஸ் டாசன் பள்ளிக்கூட வாத்தியாரு, ரக்பி ஆட்டக்காரரு. தன் பள்ளியில படிச்ச புள்ளையை வீட்டோட கூட்டிட்டு வந்துட்டார். ரெண்டு மரண விசாரணையில 'வழக்குப் போடணும்'னு சொல்லியும் போடலை. 2018-ல ஹெட்லி தாமஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் பாட்காஸ்டு நடத்துதார், அந்த டிசம்பர்லயே கைது. நல்ல காரியம்தானே? ஆமா. ஆனா அந்த நாட்டுல ஏகப்பட்ட பேரு கேட்டுட்டாங்க, எல்லாரும் தீர்ப்பு எழுதிட்டாங்க, இனி ஜூரிக்குப் பச்சை மனசோட ஆளு எங்க பிடிக்க? வழக்கு முடியுத வரைக்கும் அங்க அந்தப் பாட்காஸ்டையே எறக்கி வச்சாங்க. 2020-ல நீதிபதி பாட்காஸ்டைக் கண்டிச்சு, சூடு ஆறட்டும்னு விசாரணையை 9 மாசம் நிறுத்தி வச்சாங்க. கடைசியில ஜூரியே வேண்டாம்னு 2022-ல ஒத்தை நீதிபதி விசாரிச்சு, குற்றவாளின்னார். 24 வருசம்.

'பாத்தீங்களா, பாட்காஸ்டு சொன்னது சரிதானே'ங்கீங்க. முடிவு சரியா இருந்துட்டா வந்த வழியும் சரின்னு ஆயிருமா? அந்தத் தீர்ப்புல நீதிபதியே சொன்னார், பாட்காஸ்டு ரெண்டு பக்கத்தையும் சமமாக் காட்டலை, சில சாட்சிகளோட ஞாபகத்துல அது கலந்திருக்கலாம்னு. 36 வருசம் முந்தி பாத்ததையும் போன மாசம் காதுல கேட்டதையும் ஒரு மனுசன் எப்படித் தனித்தனியாப் பிரிப்பான்? கேஸ் வலுவா இருந்துச்சு, தப்பிச்சுது. கொஞ்சம் நொய்யலா இருந்திருந்தா, நியாயம் தேடிப் போன கதையே குத்தவாளியை வெளிய விட்டிருக்கும். அப்ப யாரைப் போய்க் கேப்ப?

நாலாவது புத்திமதி, நடுவுல வார வெளம்பரத்தைத் தாண்டி விட்டுரணும், அதைப் பத்தி யோசிக்கப்புடாது. 'சீரியல்' கேட்ட ஊரு பூரா 'மெயில்சிம்ப்' வெளம்பரத்துல ஒரு புள்ளை பேரை 'மெயில்கிம்ப்'னு தப்பாச் சொன்னதை இன்னமும் சொல்லிச் சிரிக்காம். பொணம் காட்டுல கெடக்கு, சந்தையில யாவாரம் நடக்கு. தப்புன்னு சொல்ல மாட்டேன், சோறு திங்கணும்ல. ஆனா பாதி வழியில தொங்க விட்டு 'அடுத்த வாரம் கேளுங்க'ன்னா, அந்த ஒரு வாரத்துக்கு யாரு மேல சந்தேகத்தை ஏத்தி வச்சிட்டுப் போறாங்கன்னு பாரு. கதைக்கு அது ஒரு திருப்பம். அந்த ஆளுக்கு அது அவன் தெருவுல ஏழு நாளு.

அப்ப சாயாத பாட்காஸ்டே இல்லையான்னு கேக்க. சாயாத ஆளு இல்லை. ஆனா சாஞ்சிருந்தாலும் கணக்கை மேசையில வைக்கவங்க உண்டு. மிசிசிப்பி மாநிலத்துல வினோனான்னு சின்ன ஊரு. 1996-ல மரச்சாமான் கடையில 4 பேரைச் சுட்டுட்டாங்க. கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ்னு ஒரு கறுப்பின ஆளைப் பிடிச்சு, ஒரே அரசு வக்கீல் ஒரே கேசை 6 தடவை நடத்தினார். 'இன் த டார்க்'னு ஒரு பாட்காஸ்டுக்காரங்க 2018-ல இதைச் சொன்னாங்க. எப்படி? அந்த ஊர்ப் பக்கமே போய்க் குடியிருந்து, கோர்ட்டுக் கட்டுகளைத் தாள் தாளா நகல் எடுத்து, 225 விசாரணையில அந்த அலுவலகம் எந்த நெறத்து ஜூரியை எத்தனை பேரை நீக்குச்சுன்னு எண்ணினாங்க. வெள்ளைக்காரரை நீக்கினதைப் போல நாலு மடங்குக்கும் மேல கறுப்பினத்தவரை நீக்கியிருக்கு. 'ஜெயில்ல எங்கிட்ட ஒத்துக்கிட்டான்'னு சாட்சி சொன்னவன், அது பொய்னு அவங்ககிட்டயே சொன்னான். 2019-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து பண்ணுச்சு, 7-க்கு 2. நீக்க முடிஞ்ச 42 கறுப்பின ஜூரிமார்ல 41 பேரை அந்த வக்கீல் நீக்கியிருக்கார்னு தீர்ப்புலயே இருக்கு. 2020-ல கேசே போச்சு. 23 வருசத்துக்குக் கிட்ட உள்ள இருந்துட்டு வந்தார் அந்த மனுசன்.

அந்தப் பாட்காஸ்டும் ஒரு பக்கம்தான் நின்னுது. ஆனா 'இவருக்குப் பால் மாட்டுக் கண்ணு'ன்னு சொல்லி நிக்கலை. நாளைக்கு அவங்களைப் பிடிக்காதவன் ஒருத்தன் போய் அதே கட்டைப் பிரிச்சு எண்ணினாலும் அதே கணக்குதான் வரும். நம்ம மதுரையில நடந்ததும் அதுதானே. பொற்கொல்லன் ஒருத்தன் சொன்னதைக் கேட்டுட்டு, எதிராளியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்காம, பாண்டியன் ஆளை வெட்டச் சொல்லிட்டான். கண்ணகி வந்து எம் புருசன் நல்லவன்னு மட்டும் அழுதிருந்தா, அது ஒரு நல்ல பகுதி, அடுத்த வாரம் தொடரும். அவ சிலம்பைப் போட்டு ஒடைச்சுக் காட்டினா. உள்ள இருந்து தெறிச்சது முத்தா மாணிக்கமான்னு எவன் கண்ணுக்கும் தெரியும், அவளைப் பிடிக்காதவன் கண்ணுக்கும்.

ஆகையினால, உங்க ரெண்டு பேருக்கும் ஒரு தண்டனை. கேலி இல்லை, நெசமாத்தான். நாளைக்குச் சாயந்தரம் பேத்தி எந்திரிச்சு 'அத்னான்தான் செஞ்சான்'னு வாதாடணும், இவன் 'அவன் செய்யலை'ன்னு வாதாடணும். ஒப்புக்கு இல்லை, எதிர்க்கட்சிக்காரன் 'ஆமா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன்'னு ஒத்துக்கிடுத மாதிரி. அது முடியலைன்னா, கேசு இன்னும் உங்களுக்கே வெளங்கலை, பாட்காஸ்டைக் கொறை சொல்ல உங்களுக்கு வாய் கிடையாது.

இன்னொண்ணு. அந்த நூலகத்துப் புள்ளை இருக்காளே, 1999 மார்ச்சுலயே கடுதாசி எழுதினா. யாரும் கூப்பிடலை. கடைசியில 2016-ல கோர்ட்டுக்கு வந்து, கூண்டுல ஏறி, குறுக்கு விசாரணைக்கு நின்னு, பாத்ததைச் சொன்னா. அவ சொன்னது போதுமா போதாதான்னு நீதிபதிமாரு இன்னும் ஒத்துப் போகலை, அது கெடக்கட்டும். நம்ம தெரு முக்குல போன வருசம் லாரிக்காரன் சைக்கிள்காரனை அடிச்சுப் போட்டுட்டுப் போனான். டீக்கடையில இருந்த அத்தனை பேரும் பாத்தான். போலீசு வந்து கேட்டப்ப அத்தனை பேருக்கும் அந்நேரம் டீ சுட்டுது, குனிஞ்சிருந்தான். அதே பயலுக இன்னைக்கும் அங்கதான் உக்காந்து, ஒலகத்துக் கொலைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லுதான். நீதிபதியாக ஆசைப்படாதவன் இந்த ஊர்ல எவனும் இல்லை. சாட்சிக் கூண்டுல ஏறத்தான் ஆளு இல்லை. உங்களுக்கு நியாயத்து மேல அம்புட்டுப் பசின்னா, காதுல இருக்கதைக் கழட்டி வச்சிட்டு மொதல்ல அந்த வேலைக்குப் பேரைக் கொடுங்க. சம்பளம் கெடையாது, வெளம்பரம் வராது, அலைச்சல் மட்டும் உறுதி.